ஈயச் சொம்பு: ரசத்துக்கு வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஈயச் சொம்பு ஒரே ஒரு வேலைக்கான பாத்திரம். அதில் ரசம் வைக்கலாம். குழம்பு கொதிக்க விடக் கூடாது, தாளிக்கவே கூடாது, காலியாக ஒரு நிமிஷம் பெரிய தணலில் நின்றால் அடி உருகி பர்னர் மேல் ஒழுகிவிடும். விலையோ எவர்சில்வரைப் போலப் பல மடங்கு. இத்தனையும் தெரிந்தே தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து வீடுகளில் இதைக் காலங்காலமாக விடாமல் வைத்திருக்கிறார்கள். இப்போது ஆன்லைனிலும் தாராளமாகக் கிடைப்பதால், இதுவரை பார்த்தே இராதவர்களும் வாங்குகிறார்கள். அவர்களில் பலருடைய சொம்பு ஓட்டையாகிப் பரணுக்குப் போகிறது. இன்னும் பலர் வாங்கியது அசல் ஈயம்தானா என்றே பார்ப்பதில்லை. இரண்டாவதுதான் பெரிய ஆபத்து என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

சொம்பு செய்யும் உலோகம் வெள்ளீயம் (டின்). காரீயம் (லெட்) வேறு; அது விஷம். பேச்சில் இரண்டையும் ‘ஈயம்’ என்று சொல்லிவிடுவதால் பில்லில் ‘வெள்ளீயம்’ என்று எழுதி வாங்குவது நல்லது. ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரமும் வேறு. இது முழுக்க வெள்ளீயத்தைத் தட்டி எடுத்தது. அண்மை ஆண்டுகளின் சந்தை விலையில் வெள்ளீயம் செம்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. காரீயமோ வெள்ளீய விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல வெளுத்த சாம்பல் நிறம், இரண்டும் சுலபமாக உருகும், ஒன்றோடு ஒன்று நன்றாகக் கலக்கும். கலப்படம் செய்ய இதைவிட வசதி வேண்டியதில்லை. வேண்டுமென்றே கலக்காத பட்டறையிலும் காரீயம் நுழைய ஒரு வழி உண்டு. பழைய சொம்புகளை எடைக்கு எடுத்து உருக்குகிறார்கள். அவற்றில் ஓட்டை அடைத்த சால்டர் ஒட்டியிருக்கும். சாதாரண சால்டரில் பத்தில் நான்கு பங்கு காரீயம்.

ரசத்தில் புளி, தக்காளி என்று எல்லாமே அமிலம். சூடும் சேர்ந்தால் காரீயத்தைக் கரைத்து எடுக்க ஏற்ற திரவம் அதுதான். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் பாதிக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆகவே ‘எங்கள் பாட்டி காலத்திலிருந்து இதில்தான் சாப்பிடுகிறோம்’ என்பது இங்கே பதிலாகாது. பாட்டியின் சொம்பும் சோதிக்கப்பட வேண்டியதுதான்.

கடைக்காரர்கள் காட்டும் சோதனைகளில் ஒன்று, காகிதத்தில் தேய்த்துக் காட்டுவது. காரீயம் நிறைய இருந்தால் பென்சில் போலக் கறுப்புக் கோடு விழும். கொஞ்சம் இருந்தால் விழாது. கோடு இல்லை என்பதால் காரீயம் இல்லை என்று ஆகாது. இன்னொன்று, வளைத்தால் வரும் சத்தம். சுத்த வெள்ளீயத் தகட்டைக் காதருகே வைத்து வளைத்தால் ‘கறக் கறக்’ என்று முனகும். உண்மைதான். ஆனால் செய்து முடித்த சொம்பை யார் வளைக்க விடுவார்?

வீட்டிலேயே ஓரளவு நம்பகமாகச் செய்யக்கூடியது அடர்த்திச் சோதனை. வெள்ளீயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.29 கிராம், காரீயத்துக்கு 11.34. முதலில் சொம்பை எடை போடுங்கள். பிறகு டிஜிட்டல் தராசின் மேல் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். சொம்பின் கழுத்தில் நூல் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் கிராம்தான் சொம்பு உலோகத்தின் கன அளவு. 500 கிராம் சொம்பு சுத்த வெள்ளீயமாக இருந்தால் 68 அல்லது 69 காட்டும். பத்து சதவீதம் காரீயம் இருந்தால் 66. சால்டர் அளவுக்குக் கலப்பு என்றால் 59க்கு இறங்கிவிடும். உள்ளே காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும். சொம்பைச் சாய்த்து மூழ்கவிட்டு, விரலால் உள்சுவரைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். நூலை ஆடாமல் பிடிப்பதுதான் சிரமம். கதவுக் கைப்பிடியிலோ மேசைக்குக் குறுக்கே வைத்த கரண்டியிலோ கட்டிவிடலாம்.

இந்தச் சோதனை மோசமான சொம்பைக் காட்டிக் கொடுக்கும், நல்ல சொம்புக்குச் சான்றிதழ் தராது. இரண்டு மூன்று சதவீதக் காரீயம் தராசின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். அதோடு ஆன்டிமணி போன்ற இலேசான உலோகத்தைச் சேர்த்தால் காரீயத்தின் கூடுதல் எடை ஓரளவு சரிக்கட்டப்பட்டுவிடும். முழு நிச்சயம் வேண்டுமென்றால் என்ஏபிஎல் (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற உலோகச் சோதனைக்கூடத்தில் எக்ஸ்ஆர்எஃப் சோதனை, அதாவது எக்ஸ்-கதிர் கொண்டு உலோகக் கலவையை அளக்கும் சோதனை, செய்யச் சொல்ல வேண்டும். பாத்திரத்தைச் சுரண்டவோ வெட்டவோ தேவையில்லை. நகைக்கடையில் தங்கம் பார்க்கும் மெஷினும் அதே வகைதான் என்றாலும் அது தங்கக் கலவைக்கு அளவு திருத்தப்பட்டது. அதில் வரும் சதவீதத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆன்லைனில் வாங்கினால், விற்பவரிடம் அந்தத் தொகுதிக்கான சோதனை அறிக்கையைக் கேளுங்கள். ‘100% சுத்தம்’ என்ற ஸ்டிக்கர் அறிக்கை ஆகாது.

அளவு. சொம்பை எடைக்குத்தான் விற்பார்கள். கொள்ளளவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நால்வர் உள்ள வீட்டுக்குக் கழுத்துவரை ஒரு லிட்டர் பிடிக்கும் சொம்பு சரி. அதில் ஏறக்குறைய முக்கால் லிட்டர் ரசம் வைக்கலாம், மீதி இடம் நுரைக்கு. இருவருக்கு முக்கால் லிட்டர் போதும். ‘பெரிதாக வாங்கிவைப்போம்’ என்ற நினைப்பு இங்கே உதவாது. பெரிய சொம்பில் கொஞ்சமாக ரசம் வைத்தால் திரவ மட்டத்துக்கு மேலே உள்ள சுவரில் தணல் படும்; சொம்பு உருகுவது பெரும்பாலும் அங்கேதான். வாயில் விரலை விட்டுச் சுவரின் கனத்தைத் தடவிப் பாருங்கள். அடி கனமாகவும் சுவர் சீராகவும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் காகிதம் போல இருந்தால் எடை குறைவு, விலை குறைவு, ஆயுசும் குறைவு. அடி தட்டையாக உட்காருகிறதா என்று மேசையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். ஆடும் சொம்பு கேஸ் அடுப்பில் சாயும்.

இனி உருகும் விஷயம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அது தொடும் உலோகம் 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. தண்ணீர் தொடாத இடத்துக்கு அந்தக் காவல் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகளெல்லாம் தாமாக வந்துவிடும். திரவத்தை ஊற்றிய பிறகே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும், அடுப்பை அணைத்த பிறகே திரவத்தை எடுக்க வேண்டும். சின்ன பர்னர், சின்னத் தணல். நீல நாக்கு அடியின் விளிம்பைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. நெய்யும் எண்ணெயும் தாளிக்கும்போது 200 டிகிரியைச் சுலபமாக எட்டும், ஆகவே தாளிப்பு இரும்புக் கரண்டியில்தான். தாளித்ததைச் சொம்பின் நடுவில், ரசத்தின் மேல் கொட்ட வேண்டும், சுவரில் வழியவிடக் கூடாது.

இன்டக்‌ஷனில் இது சூடேறவே ஏறாது. மின்சாரக் கண்ணாடி அடுப்பு வைத்திருக்கும் வெளிநாட்டு வாசகர்கள் கவனிக்க: அந்தத் தட்டு 232 டிகிரியை வெகு சீக்கிரம் தாண்டும், அணைத்த பிறகும் சூடு தங்கும். அங்கே சொம்பை வாங்காமல் இருப்பதே மேல்.

இப்போது ரசம். ஒரு லிட்டர் சொம்புக்கான கணக்கு இது. கொட்டை, நார் நீக்கிய புளி 15 கிராம், அதாவது நெல்லிக்காய் அளவு. கறுத்த பழைய புளி என்றால் 10 கிராம் போதும். 450 மில்லி வெந்நீரில் இருபது நிமிஷம் ஊறட்டும், கரைத்து வடிகட்டுங்கள். நன்கு பழுத்த நாட்டுத் தக்காளி இரண்டைக் கையால் பிசைந்து அதில் சேர்த்து, கல்லுப்பு ஒன்றரை டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், சுண்டைக்காய் அளவில் பாதி கட்டிப் பெருங்காயம், ரசப்பொடி ஒன்றரை டீஸ்பூன், கறிவேப்பிலை ஓர் இணுக்கு எல்லாம் போட்டு, சொம்பில் ஊற்றிய பிறகு அடுப்பை ஏற்றுங்கள். சின்னத் தணலில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். தளதளவென்று கொதிக்க வேண்டாம். ஓரத்தில் மெல்லக் குமிழிட்டுக்கொண்டிருந்தால் போதும். பச்சைப் புளி வாசனை அடங்கி, பெருங்காய வாசனை மேலே வரும். அதுதான் அடையாளம்.

மூன்று மேசைக்கரண்டி துவரம்பருப்பைக் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, 300 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்திருங்கள். இதைச் சேர்த்ததும் கொதி அடங்கும். மறுபடி சூடேற ஐந்து நிமிஷம் பிடிக்கும். அந்த நேரத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. முதலில் சொம்பின் உள்விளிம்பைச் சுற்றி வெளிறிய நுரை வளையம் போலக் கட்டும். வளையம் அகன்று நடுவை நோக்கி வரும். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் ரசம் தெரியும்போது நுரை ‘சொர்’ என்று மேலே எழும்பத் தொடங்கும். அந்த நொடியில் அணைக்க வேண்டும். நுரை உடைந்து கொதி வந்தால் பொடியின் மணம் ஆவியோடு போய்விடும், பருப்பும் பிரிந்து அடியில் உட்காரும்.

அணைத்ததும் ஒரு டீஸ்பூன் நெய்யில் கடுகு அரை டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், கிள்ளிய மிளகாய் வற்றல் ஒன்று தாளித்துக் கொட்டி, கொத்தமல்லித் தழை தூவி மூடிவையுங்கள். பத்து நிமிஷம் அப்படியே இருக்கட்டும். பருப்பு கீழே தங்கி மேலே தெளிவு நிற்கும். முதல் சாதத்துக்குக் கலக்கிய ரசம், கடைசியில் டம்ளரில் குடிக்கத் தெளிவு. பருப்பே வேண்டாம், குடிக்க மட்டும் என்றால்: புளியைப் பாதியாகக் குறைத்து, ஒரு டீஸ்பூன் மிளகு, ஒரு டீஸ்பூன் சீரகம், நான்கு பல் பூண்டு இவற்றை ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டு 600 மில்லி வைத்தால் மூன்று டம்ளர் வரும். பூண்டைக் கூட்டினால் சொம்பின் நயம் அதில் அமுங்கிப் போகும். எலுமிச்சை ரசத்துக்குச் சாற்றை அணைத்த பிறகே விடுவதால் எந்தப் பாத்திரமானாலும் ஒன்றுதான். வேப்பம்பூ ரசம் என்றால் பூவைத் தனியே நெய்யில் கருக வறுத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும்.

மேலே சொன்ன முதல் கட்டத்தில், பருப்புத் தண்ணீர் சேர்க்கும் முன், சொம்பு ஏறக்குறைய பாதிதான் நிறைந்திருக்கும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். புதிதாகப் பழகுபவர்களின் சொம்பு உருகுவது அந்தப் பத்து நிமிஷத்தில்தான். பயமாக இருந்தால் முதல் கட்டத்தை எவர்சில்வர் பாத்திரத்திலேயே முடித்து, பருப்புத் தண்ணீர் சேர்க்கும்போது சொம்புக்கு மாற்றி நுரை கட்டவிடுங்கள். ருசியில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் குறையாது.

அப்படியென்றால் சொம்பு உண்மையில் தருவது என்ன? ஈயச் சொம்பு ரசத்துக்குக் கிடைத்திருக்கும் பெயரில் பெரும்பகுதி ஈயத்தால் வந்ததல்ல, சின்னத் தணலால் வந்தது. எவர்சில்வரில் பெரிய தணல் வைக்கலாம், எனவே வைக்கிறோம். ரசம் பத்து நிமிஷம் தளதளவென்று கொதித்து, சீரகமும் மிளகும் கசப்பு இறங்கி, வாசனை சமையலறையோடு தங்கிவிடுகிறது. சொம்பு அந்த அவசரத்துக்கு இடம் கொடுப்பதில்லை. அதே பொடி, அதே புளி, அதே சின்னத் தணலில் எவர்சில்வரில் வைத்துப் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தால் வித்தியாசம் கணிசமாகச் சுருங்கும். மீதி நிற்பது புளிப்பின் முனை கொஞ்சம் மழுங்கியிருப்பதும், பெருங்காய மணம் சற்று வட்டமாக வருவதும். அது கற்பனையல்ல. அமிலத்தில் வெள்ளீயம் கொஞ்சமாவது கரையத்தான் செய்யும். உள்ளே அரக்குப் பூச்சு இல்லாத தகர டப்பாவில் அடைத்த அன்னாசி நிறம் மாறாமல் இருப்பதற்கும் டப்பாவின் உள்ளே இருக்கும் வெள்ளீயம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதுதான் காரணம். ஆனால் மசாலா தூக்கலாகச் சாப்பிடும் வீட்டில் இந்த நயம் தெரியவே தெரியாது. பருப்பு ரசமும் மிளகு ரசமும் வாரத்தில் நாலு நாள் வைக்கும் வீட்டுக்கு மட்டும் இந்த விலை நியாயம்.

மாற்றுப் பாத்திரங்களில் அடி கனத்த எவர்சில்வர்தான் முதல். கல்சட்டியை ரசத்துக்குச் சொல்பவர்கள் உண்டு. அணைத்த பிறகும் அது சில நிமிஷம் கொதிக்க வைக்கும். வத்தக்குழம்புக்கு அது வரம், நுரை கட்டும்போது நிறுத்த வேண்டிய ரசத்துக்குத் தொல்லை. மண்சட்டியும் அப்படியே. அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிக்கு ஆகாது.

சாப்பாடு முடிந்ததும் மிஞ்சிய ரசத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். சொம்போடு பிரிட்ஜில் வைத்து மறுநாள் சூடுபண்ணுவது கூடாது. வெள்ளீயம் காரீயம் அளவு விஷமில்லை என்றாலும், அதிகம் கரைந்தால் குமட்டலும் வயிற்று வலியும் வரும்; டப்பா உணவுக்கு சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 250 மில்லிகிராம், டப்பா பானங்களுக்கு 150. இராத்திரி முழுக்கப் புளித்தண்ணீரை அதில் நிறுத்தினால் நாக்கில் உலோக ருசி வருவதே எச்சரிக்கை. புதுச் சொம்பில் முதல் இரண்டு தடவை அரிசி கழுநீரைச் சின்னத் தணலில் கொதிக்கவைத்துக் கொட்டிவிட்டு, மூன்றாவதாக ரசம் வையுங்கள்.

கழுவுவது மென்மையான துணியாலும் பாத்திர சோப்பாலும் மட்டும். நகத்தாலேயே கீறிவிடலாம், அவ்வளவு மிருதுவான உலோகம் இது. கம்பி நார் போட்டால் ஒரே மாதத்தில் சுவர் இளைக்கத் தொடங்கும். டிஷ்வாஷர் பொடியின் காரத்தன்மை வெள்ளீயத்தை அரிக்கும். பளபளப்பு மங்கிச் சாம்பல் பூத்தால் அது கேடில்லை, தேய்த்து வெளுக்க வைக்க வேண்டாம். அடி பிடித்திருந்தால் வெந்நீரில் அரை மணி ஊறவைத்து விரலால் எடுங்கள். கீழே போட்டு நசுங்கினால் மரக்கரண்டியின் பின்புறத்தால் உள்ளிருந்து மெல்ல அழுத்தினால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

ஓட்டை விழுந்தால் அடைக்கக் கொடுக்காதீர்கள். தெருவில் வருபவரானாலும் மின்சாதனம் பழுதுபார்ப்பவரானாலும் கையில் இருப்பது பெரும்பாலும் காரீயம் கலந்த சால்டர்தான். சுத்தமாக வாங்கிய சொம்பு அந்த ஒரு பொட்டில் கெட்டுவிடும். பழைய சொம்பை எடைக்கு எடுத்துக்கொண்டு, கூலியும் சேதாரமும் கழித்துப் புதியது தரும் பாத்திரக் கடைகள் இருக்கின்றன. வாங்கும்போதே திரும்ப எடுப்பார்களா, சேதாரம் எவ்வளவு கழிப்பார்கள் என்று கேட்டு, எடையோடு பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உருகியதில் ஒழுகிய துண்டையும் பொறுக்கி வையுங்கள், அதற்கும் எடை உண்டு.